எமில் பேரில் ஒரு பாலிசி

“அந்த எமில் செத்தா எனக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள் ஆர்வெல்லா.

கர்ட்டிஸ் நொவாட்னிக்குக் காபி புரையேறியது. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊருக்கு அவன் ஒருவன்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனசுக்குள் நினைக்கிறவர்கள் உண்டு, இப்படி வாய் விட்டுக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

எமில் ஸ்ட்ரான்ஸ்கி ஆர்வெல்லாவின் பக்கத்துப் பண்ணைக்காரர், கட்டைப் பிரம்மச்சாரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய காளை வேலியை உடைத்துக்கொண்டு வந்து இவளுடைய சோளத்தை மேய்ந்தது. விதவை என்று அவரும் பார்க்கவில்லை, வயசில் மூத்தவர் என்று இவளும் பார்க்கவில்லை. அன்றைக்கு இருவரும் பேசிய பேச்சில் காளையே மிரண்டுபோனதாக ஊரில் சொல்வார்கள். அதோடு நேருக்கு நேர் பேச்சு நின்றுபோனது.

“ஆர்வெல்லாக்கா, கண்டவங்க பேர்ல எல்லாம் பாலிசி எடுக்க முடியாது. அது சூதாட்டம்னு சட்டம் சொல்லுது. அவர் செத்தா உங்களுக்கு நிஜமாவே நஷ்டம் இருக்கணும்.”

“இருக்கே! அவர் போய்ட்டா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நான் யாரைத் திட்டறது?”

“அதை எல்லாம் சட்டம் நஷ்டமா ஒத்துக்காது.”

“பின்ன எதைத்தான் ஒத்துக்கும்?”

“ரத்த சொந்தமா இருக்கணும். இல்லேன்னா தொழில்ல கூட்டாளி. இல்லேன்னா பெண்டாட்டி.”

ஆர்வெல்லா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “சரி, அப்போ கட்டிக்கறேன். எழுதிக்கோ. அவர் பிறந்த நாள் மார்ச் பதினொண்ணு. சர்க்கரை கிடையாது. ரத்தக் கொதிப்பு மட்டும் கொஞ்சம் உண்டு.”

கர்ட்டிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். ஆளை அணு அணுவாக அளந்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்!

“பாலிசி எடுத்தப்புறம் பிடிக்கலேன்னா?” என்றாள்.

“பத்து நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம். கட்டின பணம் முழுசா வந்துடும்.”

“புருஷனையுமா?”

“அக்கா, விளையாடாதீங்க. பெண்டாட்டியே ஆனாலும் அவர் சம்மதம் இல்லாம அவர் உயிர் மேல பாலிசி போட முடியாது. அவர் கையெழுத்து வேணும்.”

“அதை யார் போய்க் கேக்கணும்?”

“நான்தான்.”

“என்னிக்குப் போவே?”

அந்த அறைக்கு வருகிற யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, மாசம் எவ்வளவு கட்டணும் என்பதுதான். ஆர்வெல்லா கடைசி வரை அதைக் கேட்கவே இல்லை. போகும்போது வீட்டில் சுட்ட கொலாச்சி பன்னு ஒரு டப்பா நிறைய வைத்துவிட்டுப் போனாள். கர்ட்டிஸ் அந்த டப்பாவை ஒரு பென்சிலால் தள்ளி மேஜை ஓரத்துக்குக் கொண்டுபோனான்.

அன்று மத்தியானமே எமிலின் பண்ணைக்கு வண்டியை விரட்டினான். டிராக்டருக்கு அடியிலிருந்து எமிலின் பூட்ஸ் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கணம் கர்ட்டிஸுக்கு உயிரே போய்விட்டது. பூட்ஸ் அசைந்த பிறகுதான் திரும்பி வந்தது.

“எமிலண்ணே, உங்க உசிருக்கு உலை வெச்சாச்சு! ஆர்வெல்லாக்கா உங்களைக் கட்டிக்கிட்டு, உங்க பேர்ல பாலிசி எடுக்கப் பாக்கறாங்க. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க. நீங்க சம்மதிக்கலேன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. மிரட்டினாங்கன்னா தலைநகர் லிங்கன்ல இருக்கற இன்சூரன்ஸ் துறைக்கு ஒரு போன் போடுங்க, அவங்க பாத்துப்பாங்க.”

எமில் மெதுவாக வெளியே ஊர்ந்து வந்தார். மூக்கு நுனி வரை கிரீஸ். “கட்டிக்கறேன்னு சொன்னாளா?”

“அண்ணே, நான் பாலிசியைப் பத்திச் சொல்றேன்…”

“அதை விடுய்யா. அவ வாயாலயே சொன்னாளா?”

“ஆமாண்ணே.”

“சிரிச்சுக்கிட்டா, முறைச்சுக்கிட்டா?”

“உங்க பொறந்த நாள் முதற்கொண்டு தெரிஞ்சு வெச்சிருக்காங்கண்ணே!”

எமில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போனார். ஷெரீஃபுக்குப் போன் பண்ணத்தான் போகிறார் என்று கர்ட்டிஸ் நிம்மதியாகத் திரும்பினான். நல்லது செய்த களைப்பில் அன்று நன்றாகத் தூங்கவும் செய்தான்.

மறுநாள் காலை பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “விஷயம் தெரியுமா? நேத்து சாயங்காலம் எமில் கோட்டு சூட்டெல்லாம் மாட்டிக்கிட்டு ஆர்வெல்லா வீட்டு வாசல்ல போய் நின்னாராம். இப்போ ரெண்டு பேருக்கும் கோர்ட்டுல கல்யாணம்!”

கர்ட்டிஸ் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினான். நீதிபதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். எமிலின் கோட்டு பொத்தான் போட முடியாமல் திணறியது. பக்கத்தில் நீல கவுன் போட்டுக்கொண்டு ஆர்வெல்லா.

“நிறுத்துங்க!” கர்ட்டிஸுக்கு மூச்சு வாங்கியது. “ஆர்வெல்லாக்கா, நான் சட்டம் சொன்னது உசிரைக் காப்பாத்தறதுக்கு, எடுக்கறதுக்கு இல்ல. எனக்குக் கமிஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இந்தப் பாலிசியை நான் எழுத மாட்டேன்!”

எமில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஆர்வெல்லா அவருடைய கோட்டுக் காலரைச் சரி செய்துகொண்டே கேட்டாள்.

“பாலிசியா? அது யாருக்கு வேணும்?”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?”

ஆர்வெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். காது வரை சிவந்துவிட்டது.

“பேச்சுவார்த்தை இல்லாத மனுஷன்கிட்ட நான் எப்படித் தம்பி நேர்ல போய்க் கேக்கறது?”