ஏற்கெனவே இருக்கு

"நிக்காம ஓடுற எந்திரம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். பெட்ரோல் வேணாம், கரண்ட் வேணாம். காப்புரிமை கிடைக்குமா, ரிஜெக்ட்?" என்று ராக்கெட் எழுதியிருந்தார்.

பதில் உடனே போனது.

"ஏற்கெனவே இருக்கு. அதுக்குப் பேரு தந்தியோட வாய்."

தந்தி வரிசையாகக் கோபப் பொம்மைகளை அனுப்பினார். ராக்கெட் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையை அனுப்பினார்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூவர். செய்த ராக்கெட் மேலே போகாமல் மொட்டை மாடியிலிருந்து கீழே விழுந்ததால் ஒருவர் ராக்கெட். எந்தச் செய்தியும் வயிற்றில் தங்காததால் ஒருவர் தந்தி. மூன்றாமவர் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து, பெரும்பாலும் திருப்பி அனுப்புகிற அதிகாரி. அதனால் ரிஜெக்ட்.

மூவரும் மூன்று ஊர்களில் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் ஃபோனில் அரட்டைக் குழுவில் கூடுவார்கள். இருவர் கிறுக்குத்தனமாக எதையாவது கண்டுபிடிப்பார்கள். ரிஜெக்ட் நிராகரிப்பார்.

டீ ஆறாமல் இருக்கக் கோப்பைக்கு மேல் மாட்டும் கருவி என்று ராக்கெட் ஒருமுறை கேட்டபோது, "ஏற்கனவே இருக்கு. அதுக்குப் பேரு மூடி" என்று ரிஜெக்ட் எழுதினார். எழுதியதை மனைவியிடம் படித்துக்காட்டி, அவளைவிட அதிகமாகத் தானே சிரித்தார்.

இப்போது அவர் பெயரில் பதில் எழுதுவது அந்த மனைவி.

அவர் கட்டிலில் கிடக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்த அன்று போன பேச்சு திரும்பவில்லை. கண்கள் திறந்திருக்கும். மின்விசிறியைப் பார்க்கிறாரா, எதையுமே பார்க்கவில்லையா என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

அவள் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். வேலையை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள். வேளாவேளைக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். குழாயில் உணவு ஊற்றுவாள். அவர் ஃபோனில் பதில் போடுவாள். மூன்றும் அவளுக்கு ஒரே மாதிரி வேலைதான். அழுகை வரவில்லை. வரவில்லையே என்றும் தோன்றவில்லை.

நண்பர்களிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் கேலி அன்றோடு நின்றுவிடும். "தைரியமா இரு தங்கச்சி" என்று ஆரம்பிப்பார்கள். அவர் இன்னும் வாயடித்துக்கொண்டிருக்கிற ஒரே இடம் அது. அதையும் மூட அவளுக்கு மனம் வரவில்லை.

நல்லவேளை, இருவரும் கூப்பிடுவதில்லை. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் ராக்கெட் கூப்பிட்டு, காது சுடும்வரை பேசுவார். கணவர் விழுந்ததிலிருந்து ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

"உங்க ராக்கெட் இன்னிக்கு விட மாட்டாரு போல, கேளுங்க," என்று நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, அடுத்து வந்ததைப் படித்தாள்.

ராக்கெட்: "நேத்து ஒரு படம் பார்த்தேன்டா. காலத்துல பின்னாடி போற எந்திரம். அதைப் பதிவு பண்ணப் போறேன்."

தந்தி: "பண்ணி? எவனாவது அதுலயே ஏறி முந்தின நாள் போய், உனக்கு முன்னாடி பதிவு பண்ணிடுவான்."

ராக்கெட்: "அட, ஆமால்ல! படத்துல ஹீரோ டைனோசர் காலத்துக்கே போறான். எனக்கு அவ்வளவெல்லாம் வேணாம். ஒரு அரைமணி போதும், காலைல விட்ட ரயிலைப் பிடிச்சுடுவேன். என்னடா ரிஜெக்ட், இருக்கா?"

அரைமணி.

அன்று குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. வாளி என்று நினைத்து, கையிலிருந்த பக்கங்களைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

'அதுக்குப் பேரு' என்று தட்டினாள். கடிகாரம்? புகைப்படம்? எதுவும் உட்காரவில்லை. அழித்தாள்.

"அப்படி ஒண்ணு இல்லை," என்று எழுதி அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ரிஜெக்ட் எதையும் இல்லை என்று சொன்னதே கிடையாது. அழிக்கப் போனாள். அதற்குள் இருவரும் படித்துவிட்ட அடையாளம் விழுந்துவிட்டது.

ராக்கெட் எழுதத் தொடங்கியதும், நிறுத்தியதும், மறுபடி தொடங்கியதும் திரையில் தெரிந்தது.

"டேய் ரிஜெக்ட், இன்னொரு விண்ணப்பம். பேச முடியாம கிடக்கிறவனுக்காக, அவனை மாதிரியே நக்கலா பதில் போடுற கருவி."

அவள் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

தந்தி முந்திக்கொண்டார். "ஏற்கனவே இருக்கு. அதுக்குப் பேரு தங்கச்சி."

அச்சுத்தாளைப் படிப்பதுபோல அந்த வரியை எழுத்து எழுத்தாக மறுபடி படித்தாள்.

ராக்கெட்: "முதல் நாளே தெரியும்மா. இந்தப் பயலுக்கு ஜென்மத்துல 'ஏற்கெனவே' எழுத வராது. கொம்பு போடாம 'ஏற்கனவே'ன்னுதான் எழுதுவான். திடீர்னு அவனுக்குக் கொம்பு முளைச்சா சந்தேகம் வராதா? தந்தி அன்னிக்கே அவன் ஆபீஸ்ல விசாரிச்சுட்டான்."

அவ்வளவுதான், இனி ஆறுதல் சொல்லத் தொடங்குவார்கள் என்று நினைத்தாள். ஃபோனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். அவர் கையோரம் அது அதிர்ந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாள்.

ராக்கெட்: "சரி ரிஜெக்ட், வேலையைப் பாரு. கையில பிடிக்க வேண்டாத குடை. தலைக்கு மேலயே நிக்கும், போற இடமெல்லாம் கூடவே வரும். காப்புரிமை உண்டா, இல்லையா?"

அதை அவருக்கும் படித்துக்காட்டினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் அதில்தான் இருந்தன.

"ஏற்கெனவே இருக்கு. அதுக்குப் பேரு தொப்பி," என்று தட்டினாள்.

அனுப்பும் முன், முதல் சொல்லுக்குத் திரும்பிப் போய், கொம்பை மட்டும் எடுத்தாள்.