முள் இறங்காத வேன்

“உலகத்துல எண்ணெய் தீந்தாலும் என் வேன் நிக்காது” என்று டிரைவர் பிரகடனம் செய்தார். சைக்கிள் பழகிக்கொண்டிருந்த மனைவியிடம், “சர்க்கஸ்ல சேரப் போறியா?” என்றார்.

எண்ணெய் தீர்ந்தது. ஊரே நின்றது. அவர் வேன் மட்டும் ஓடியது. டேங்க் முள் ஃபுல்லை விட்டு அசையவில்லை.

முதல் சவாரி முடிந்தபோது சமையலறை எண்ணெய் பாட்டில் காலியாக இருந்தது. அடுத்த சவாரிக்குப் பிறகு தையல் மெஷின் கிறீச்சிட்டது. டிரைவர் சிரித்தார். மூன்றாம் சவாரி முடிந்து வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இந்த முறை கிறீச்சிட்டவை மனைவியின் முழங்கால்கள்.

“நாளைக்கும் சவாரி இருக்குதாங்க?” என்றாள், சுவரைப் பிடித்தபடி.

“இல்ல. சைக்கிள் சாவி எங்க?”

மறுநாள் காலையில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, தள்ளாடித் தள்ளாடி மிதித்தார்.

“நேரா பாத்து ஓட்டுங்க, சர்க்கஸ்காரரே.”

எண்ணெயே காணாத செயின் சத்தமில்லாமல் சுற்றியது. ஒவ்வொரு மிதிக்கும் அவருடைய முழங்கால்தான் கிறீச்சிட்டது. அவர் நிறுத்தவில்லை.