சினிமா மோட்

"மறுபடியும் ஏங்க இருட்டாக்குறீங்க? நாம டிவி வாங்கினோமா, கரும்பலகை வாங்கினோமா?"

குமுதா கேட்டதற்கு அர்ஜுனன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிமோட்டும் கையுமாக டிவி முன்னால் குந்தியிருந்தான். படம் ஆரம்பித்ததிலிருந்து இதே கூத்துதான். 'சினிமா மோட்' என்று ஒன்றை வைத்தான். பிரைட்னஸைக் குறைத்தான், அது போதாதென்று காண்ட்ராஸ்டைக் குறைத்தான். கதாநாயகியின் முகம் எது, பின்னால் இருந்த சுவர் எது என்று பிரித்தறிய முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த மனிதருக்குப் பட நுணுக்கமெல்லாம் எட்டிக்காய். புக்கிட் தெங்கா ஃபேக்டரியிலிருந்து வந்தால் ஃபுட்பால் பார்ப்பார். அதற்கு அவர் வைக்கும் வெளிச்சத்தில் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டின் அந்தச் சின்ன ஹால் பசார் மாலாம் ராச்சந்தைக் கடை மாதிரி ஜொலிக்கும். இன்றைக்கென்று பார்த்து ஞானோதயம்.

அதுவும் அண்ணன் வந்திருக்கும் நாளில்.

சோபாவில் உட்கார்ந்திருந்த புவனேஸ்வரன் குமுதாவின் ஒரே அண்ணன். இந்தப் படத்தைத் தங்கையோடு பார்ப்பதற்காகவே கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். படத்துக்காக அல்ல, அதில் வரும் ஒரு தெருவுக்காக.

போன வருஷம் அப்பாவின் இறுதி ஊர்வலம் டவுனிலிருந்து புறப்பட்ட அன்றுதான் லிட்டில் இந்தியாவில் இந்தப் படத்தின் ஷூட்டிங். ஒரே ஒரு நாள் ஷூட்டிங், அதுவும் அன்றைக்குப் பார்த்து. ரோட்டை மறித்துவிட்டார்கள். அப்பாவை ஏற்றியிருந்த வேன் தெருக்கோடியில் நின்று நின்று போனது. அந்த வேன் படத்தில் விழுந்திருக்கிறது என்று கீழ்வீட்டு லோகேஸ்வரி படம் பார்த்துவிட்டு வந்து சொன்னதிலிருந்து குமுதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பாவம், அண்ணன் அன்றைக்கு நாட்டிலேயே இல்லை. கம்பெனி வேலையாகப் பெர்த்துக்குப் போனவருக்குத் திரும்ப ஃப்ளைட் கிடைக்கவில்லை. 'பெரியவன் வந்துட்டானா, பெரியவன் வந்துட்டானா' என்று கேட்டுக்கொண்டே அப்பா கண்ணை மூடினார். மருமகன் அர்ஜுனன்தான் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் வந்து சேர்ந்த அண்ணன், அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து அழுததை நினைத்தால் குமுதாவுக்கு இன்றைக்கும் தாங்காது.

"மாப்ள, ஒண்ணுமே தெரியலையே" என்றார் புவனேஸ்வரன்.

தியேட்டரில் ஃபேக்டரி நண்பர்களோடு பார்த்தபோதும் இதே இருட்டுதான், டைரக்டரே அப்படித்தான் எடுத்திருக்கிறார் என்றான் அர்ஜுனன். சரி, ஜன்னல் திரையையாவது இழுத்துவிட்டால் கொஞ்சம் தெரியுமே என்று அண்ணன் எழுந்தார். வேண்டாம், புழுங்கும் என்று அதையும் தடுத்தான். வெளி வெயில் டிவியில் விழுந்து, தெரிந்த கொஞ்சமும் போயிற்று. குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து மாமனும் மச்சானும் கீரியும் பாம்பும்தான். அண்ணன் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நாலு வார்த்தை ஆங்கிலம் பேசினால் இவருக்கு ஆகாது. கொள்ளி வைத்தவன் நான், பேர் வாங்குபவன் அவனா என்ற பொருமல் உள்ளே இருக்கும். அதற்காக இப்படியா பழிவாங்குவது?

திரையில் கடைகளும் தோரணங்களும் மங்கலாகத் தெரிந்தன. லிட்டில் இந்தியா வந்துவிட்டது.

"இதான் அந்த இடம்" என்றார் புவனேஸ்வரன். "கொள்ளி வைக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கல. அந்த வேனையாவது கண்ணால பாத்துக்கறேன் மாப்ள."

அர்ஜுனன் பிரைட்னஸை இன்னும் இரண்டு புள்ளி இறக்கினான்.

குமுதா எழுந்தேவிட்டாள். "எங்கண்ணன் மேல உள்ள கோவத்தை எங்கப்பா மேல காட்டாதீங்க. குடுங்க ரிமோட்ட."

"வேணாம் குமுதா." இதுவரை இல்லாத குரலில் சொன்னான் அர்ஜுனன். "சொன்னா கேளு. இந்த ஒரு ஸீன மட்டும் ஓட்டி விட்டுடறேன்லா."

"ஓட்டி விடறதுக்கா அவர் அவ்வளவு தூரத்துலேருந்து வந்தாரு?"

வெடுக்கென்று ரிமோட்டைப் பிடுங்கினாள். அர்ஜுனன் தடுக்கவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். அவனுடைய அந்த ஃபுட்பால் வெளிச்சத்தையே தேடிப் பிடித்துவைத்துவிட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள் குமுதா. தெரு பளிச்சென்று விடிந்தது.

கதாநாயகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் தோளுக்குப் பின்னால், தெருக்கோடியில், பூமாலைகள் தொங்கிய வேன் மெல்ல நகர்ந்தது.

"அப்பா" என்றாள் குமுதா. கண்ணில் நீர் முட்ட, பட்டனை அழுத்திப் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

வேனுக்கு இந்தப் பக்கம், இத்தனை நேரம் கறுப்பாகக் கிடந்த அஞ்சடி நடைபாதையில் ஒரு சாப்பாட்டுக் கடை தெளிவாகத் தெரிந்தது. அதன் தூணோரத்து மேசையில், தே தாரிக் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனபடி அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குப் பெர்த்தில் இருந்த புவனேஸ்வரன்.