பெயர் துடைக்கும் நாள்

முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்ததுமே அம்மா தூங்க ஆரம்பித்துவிட்டாள்.

மேடையில் ஒரு பெரிய அதிகாரி தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுநடுவே மைக் வீல் என்று அலறியது. அதற்கும் அம்மா அசையவில்லை. அவளுக்குக் காது மந்தம். அந்த அதிகாரியின் பேச்சுக்கு அது ஒரு வரம்தான்.

பின்னாலிருந்து சித்தி என் தோளைச் சுரண்டினாள். எழுப்பு என்று ஜாடை காட்டினாள். சித்திக்கு இந்த நாளின் மேல் ஒரு நம்பிக்கை. இன்றைக்காவது அக்கா அழுதுவிடுவாள் என்று.

அண்ணன் எல்லையில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

செய்தி சொல்ல வந்த சிப்பாய்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். தெருவே எங்கள் வீட்டில் கூடி அழுதது; அவள் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்றுகூட நாலு பேர் முணுமுணுத்தார்கள். உள்ளேயே போட்டு அழுத்திக்கொண்டால் அது ஆளைத் தின்றுவிடும் என்று சித்தி அன்றைக்கே பயந்தாள்.

அவள் பயந்தபடிதான் ஆயிற்று. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பசி. இப்போது ஞாபகமும் முன்னே பின்னே இருக்கிறது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, வைத்ததையே மறந்துவிடுகிறாள்.

அழுதுவிட்டால் தேவலை என்று நானும்தான் நினைத்தேன். அவளுக்கு உயிரே அண்ணன்தான். எங்கள் வீட்டில் அவன் பெரியவன், நான் சின்னவன். கூப்பிடுவதில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அது யாருக்கு என்ற கேள்வியே கிடையாது. அவன் பட்டாளத்தில் சேர்ந்ததும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மாடிக்கு மாடி ஏறி இறங்குவதுதான் என் வீரசாகசம். அதை யாரிடம் போய்ப் பெருமையடித்துக்கொள்வாள், பாவம்.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அண்ணன் மேல் கிடையாது. அந்த முட்டையில் பாதியை எப்போதும் எனக்குப் பிட்டுத் தந்தவன் அவன்.

ஒரு வழியாகப் பேச்சு முடிந்தது. பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லையில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த கருங்கல் சுவரை வருடம் முழுக்க யாரும் கழுவுவதில்லை. இந்த ஒரு நாளில் அவரவர் வீட்டு ஆள் வந்து அவரவர் பெயரைத் துடைக்க வேண்டும். ஒரு சிப்பாய் தட்டில் ஈரத்துணிகளோடு நிற்பான். ஆள் வராத பெயரை அவனே துடைப்பான்.

போன இரண்டு தடவையும் அம்மா சாப்பாட்டு மேசையைத் துடைக்கிற மாதிரி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் துணியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் பெயரை வாசித்தார்கள். அம்மாவைத் தொட்டு எழுப்பி, கைத்தாங்கலாகச் சுவரருகே கூட்டிப்போனேன். எழுத்துகள் அவள் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவள் விரலைப் பிடித்துப் பெயரின் முதல் எழுத்தில் வைத்தேன்.

அம்மா துடைக்க ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை அவசரமே இல்லை. ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் துணியின் நுனியை விட்டுத் துடைத்தாள். சோப்பு கண்ணில் பட்டுவிடாமல் பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவது போல அத்தனை பதமாக. பின்னால் அடுத்த பெயருக்கு உரியவர்கள் காத்து நின்றார்கள்.

அவள் தோள் குலுங்குவதை அப்புறம்தான் பார்த்தேன்.

அம்மா அழுதாள். கூட்டம் இருப்பதையே பாராமல், வாய்விட்டு, மூன்று வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். பின்னால் சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்பாடா, அண்ணனை அழுது தீர்த்துவிட்டாள், இனிப் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அம்மா துணியைக் கீழே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“சின்னவன் பாவம்டா பெரியவனே. அவனை நான் ஒரு நாளும் ஆசையா கூப்பிட்டதே இல்லடா.”

கொஞ்ச காலமாகவே அவள் என்னைப் பெரியவனே என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிக் கூப்பிடும்போது அவள் முகம் மலர்ந்துவிடும். அதற்காகவே நானும் திருத்தாமல் விட்டிருந்தேன். பெரியவன் பக்கத்தில் இருக்கிறான் என்றால், அவள் கணக்கில் செத்துப்போனது யார் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

“அவன் அதையெல்லாம் மனசுல வச்சுக்கலம்மா” என்றேன்.