நாலாவது தாள்

லோகப்பிரியாவின் பையன் நான்கு தாள் எழுதியிருந்தான்.

பையன் என்றால் பெற்ற பையன் இல்லை. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் ஒரு விடுதியில் இருக்கும் ஆறு வயது லிம்பானி. அப்பா அம்மா இல்லாத பிள்ளை. அவனுடைய பள்ளிக்கூடச் செலவை லோகப்பிரியா ஏற்றிருக்கிறாள்.

பம்ப்செட் விற்க அந்த நாட்டுக்குப் போன சென்னகிருஷ்ணன், அங்கே அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்த சின்ன டிரஸ்ட் எங்களுடையது. கோயம்புத்தூரில் பதினோரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு பிள்ளை. வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளின் கடிதம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் அவர் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடி, சந்தகை சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.

அதே விடுதியில் எனக்கு வந்தவள் சிகொண்டி. வயது பதின்மூன்று. மற்றவர்கள் எல்லாம் என் பையன், என் பொண்ணு என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

வருவதற்கு அவள் என்ன செய்துவிட்டாள்? இந்த வருஷம் இரண்டே வரி.

நலமாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன். தாளுக்கு மன்னிக்கவும்.

சென்னகிருஷ்ணன் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கடிதமே முடிந்துவிட்டது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாள். ஓரம்கூட நேராக இல்லை.

ஆளுக்கு இரண்டு நல்ல தாள் இங்கிருந்துதான் அனுப்புகிறோம். மொத்தமான வெள்ளைத் தாள். போன வருஷம் கடிதங்கள் ஆள் மாறிப் போனதால், ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் உதவுகிறவர் பெயரை அச்சடிக்க வேண்டும் என்று சண்டை பிடித்து நிறைவேற்றியதே நான்தான். அந்தத் தாளை எங்கே தொலைத்தாளோ மகராசி.

போட்டோவிலும் அப்படித்தான். ஒட்ட வெட்டிய தலை, நீலச் சீருடை, சிரிப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

ஐந்து வருஷமாக இந்த டிரஸ்டில் இருக்கிறேன். லோகப்பிரியா போன தீபாவளிக்குச் சேர்ந்தவள். அவளுடைய பையன் முதல் கடிதத்திலேயே நான்கு தாள். கடிதத்தை மாட்டி வைக்க நான் கண்ணாடிச் சட்டம் வாங்கி நாலு வருஷமாகிறது. டிவிக்குப் பக்கத்தில் அது காலியாகத் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் வரதராஜுலு அதைப் பார்த்துப் பார்த்துக் கேலி செய்கிறார்.

வயிற்றெரிச்சல் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

யார் எத்தனை தாள் எழுதியிருக்கிறார்கள் என்று சென்னகிருஷ்ணனிடம் முதல் நாளே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அதனால்தான் அன்றைக்கு நானும் கைப்பையில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். எனக்கு வேறு பிள்ளை மாற்றித் தரவும். அப்படி மாற்றினால் இன்னொருவர் கிடைக்கிற வரை சிகொண்டியின் படிப்பு நிற்கும் என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார். நின்றால் நிற்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

லிம்பானியின் தாள்கள் கைமாறிக் கைமாறி வந்தன. எழுத்து என்று பார்த்தால் தாளுக்கு மூன்று வார்த்தை, ஒவ்வொரு எழுத்தும் வெண்டைக்காய் நீளம். மீதி எல்லாம் படம். முதல் தாளில் கோழிகள். இரண்டாவதில் கயிற்றோடு ஒரு ஆடு. மூன்றாவதில் ஏரியும் படகும். நாலாவதில் நீல உடுப்பில் உயரமாக ஒருத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன்.

லோகப்பிரியா நீலச் சுடிதாரில் எடுத்த போட்டோவை அவனுக்கு அனுப்பியிருந்தாளாம். எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விரலை வைத்துக் காட்டினாள்.

"பாருங்க்கா, என்னைய எப்படி வரைஞ்சிருக்கானுங்க! தலைமுடியத்தான் போட மறந்துபோட்டானுங்க."

ஹாலே சிரித்தது. நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

பின்பக்கமும் வரைந்து தொலைத்திருக்கிறானா என்று அந்தத் தாளைத் திருப்பினேன்.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கீழே ஓரத்தில் மட்டும் சின்ன அச்சு. ராமாமணி வரதராஜுலு, கோயம்புத்தூர்.

என் பெயர்.

மூன்றாவது தாளைத் திருப்பினேன். அதிலும் என் பெயர். முதல் இரண்டில் லோகப்பிரியாவின் பெயர்.

கோழிக்கும் ஆட்டுக்குமே அவனுடைய தாள் இரண்டும் தீர்ந்திருக்கிறது. இன்னும் வரைய வேண்டும் என்று நின்றிருப்பான். சிகொண்டி தன்னுடைய இரண்டையும் அவனிடம் கொடுத்துவிட்டு, நோட்டில் அரைத் தாள் கிழித்து, அதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறாள்.

படத்தை மறுபடி பார்த்தேன். கோழிக் கால் ஒவ்வொன்றுக்கும் விரல் எண்ணிப் போட்டவன், ஆட்டுக் கயிற்றில் முடிச்சுக்கூடப் போட்டவன், ஒருத்தியின் தலைமுடியை மறந்துவிடுவானா?

லோகப்பிரியா கையை நீட்டினாள். நாலாவது தாளை மட்டும் தனியாகச் சட்டம் போடப் போகிறாளாம்.

"ஏனுங்க அம்மணி, இது நீங்க இல்லீங்க. என்ற பொண்ணு சிகொண்டிங்க."

கைப்பையைத் திறந்தேன். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை வெளியே எடுத்துக் கசக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் அந்தத் தாளை வைத்து ஜிப்பை இழுத்தேன்.