விழுவதற்கு முன்

“அவர் விழுந்ததால இறந்தாரா, இல்ல இறந்ததால விழுந்தாரா... எனக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதாம்மா.”

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரிக்க வந்திருந்த அதிகாரி, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தையல் இயந்திரத்துக்கு அருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் அவள். கணவர் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான் அவளுடைய தம்பி.

கணவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர். தம்பிதான் கூடமாட ஒத்தாசை. ஒரு மருந்துக்கடைக்குப் பலகை மாட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஏணியோடு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், தலையில் பலமான அடி என்று எழுதியிருப்பதாக அதிகாரி சொன்னார். இதயக் குழாயில் அடைப்பு இருந்தது என்றும் எழுதியிருக்கிறாராம். எது முந்தி, எது பிந்தி என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“எப்படிப் போனா என்ன சார்? போனவர் போனவர்தானே?” என்றாள் அவள்.

“ஆயுள் காப்பீடா இருந்தா அப்படித்தாம்மா. நோயில போனாலும் சரி, விபத்துல போனாலும் சரி, பணம் வந்துடும். இவர் கட்டிட்டு வந்தது விபத்துக் காப்பீடு. விபத்துல உயிர் போனா முழுத் தொகை. கையோ காலோ கண்ணோ போனா அதுக்கேத்த பங்கு. ஆனா நெஞ்சு வலி வந்து, அதனால விழுந்தார்னா அது விபத்துல சேராது.”

அவளுக்குப் புரிந்தது. ஆயுள் காப்பீடும் ஒரு காலத்தில் இருந்தது. வேலை படுத்துவிட்ட ஒரு வருஷம் தவணை கட்ட முடியாமல் அதைக் கைவிட்டார். அதற்கு முன்னால், தகரம் வெட்டும் இயந்திரத்தில் அவருடைய இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போனபோது பணம் கொடுத்தது இந்த விபத்துக் காப்பீடுதான். அதில் வாங்கியதுதான் இந்தத் தையல் இயந்திரம். ‘ரெண்டு விரலுக்கே கொடுத்தவன் முழு ஆளுக்குக் கொடுக்க மாட்டானா?’ என்று சிரிப்பார். தவணையும் கம்மி. இது ஒன்றே போதும் என்று இருந்துவிட்டார்.

அதிகாரி தம்பியின் பக்கம் திரும்பினார். “ஏணியைப் பிடிச்சிருந்தது நீங்கதானே? என்ன பார்த்தீங்க?”

தம்பி நிமிர்ந்தான். சாவு விழுந்த நாளிலிருந்து அவன் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. போன வாரம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றவனை, அவள்தான் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள்.

“நான்தான் சார் பிடிச்சிருந்தேன். ஆனா... அந்த நேரத்துல...”

அவன் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான்.

“அன்னிக்குக் காலையிலேயே அவருக்கு நெஞ்சு வலி சார்,” என்றாள் அவள்.

தம்பி சட்டென்று அவளைப் பார்த்தான். அவள் அதிகாரியைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனாள். இடது பக்கம் பிசைகிறது என்றாராம். தோளை நீவிவிடச் சொன்னாராம். இன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று இவள் தடுத்தும், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று கிளம்பிவிட்டாராம்.

அதிகாரி பேனாவை மூடினார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதை எழுதிட்டா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அப்புறம் மாத்திச் சொன்னாலும் எடுபடாது. படிக்கிற பொண்ணு இருக்கு உங்களுக்கு.”

“யோசிச்சுட்டேன் சார். எழுதிக்குங்க.”

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டியவர் தயங்கி நின்றார். இத்தனை வருஷத்தில் பணத்துக்காகப் பொய் சொன்னவர்களைத்தான் பார்த்திருப்பதாகவும், பணம் போனாலும் போகட்டும் என்று உண்மை சொன்ன ஒருவரை இன்றைக்குத்தான் பார்ப்பதாகவும் சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தம்பி நகர்ந்து வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, நான் ஏணிய விட்டுட்டேன். போன் வந்துச்சு. பேசறதுக்குக் கொஞ்சம் தள்ளிப் போனேன். திரும்பிப் பாக்குறதுக்குள்ள... நான்தான் அத்தானைக் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

“நீ பிடிச்சிருந்தாலும் அவரு விழுந்திருப்பாருடா. உயிரு மேலேயே போயிடுச்சு. நீ என்ன பண்ணுவ?”

அவன் வாய்விட்டு அழுதான். சுடுகாட்டில்கூட அழாதவன். அழுது ஓய்ந்ததும், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இருந்ததைப் போட்டாள். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே சுருண்டு படுத்துத் தூங்கிப்போனான்.

உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் சமையலறைக்கு வந்தாள்.

“அன்னிக்குக் காலையில நானும் கூடத்தானேம்மா இருந்தேன். அப்பா நெஞ்சு வலின்னு சொல்லவே இல்லையே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் தம்பியின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“எங்கிட்டயும்தான் சொல்லல,” என்றாள்.