சுவரில் ஓர் இடம்

டென்மார்க் அரசரிடம் வீரப்பட்டம் வாங்கியவர்களின் கேடயங்கள் கோட்டைத் தேவாலயச் சுவரெங்கும் தொங்கின. ஹோல்கர் பிரபுவின் கேடயத்தைக் காணோம்.

"பட்டம் வாங்கி ரெண்டு வருஷமாச்சு! ஞாயித்துக்கிழமை என் சிநேகிதிங்க பாக்க வர்றாங்க. இன்னைக்கே மாட்டலைன்னா உன் வேலை போயிடும்" என்று சீறினாள் பிரபுவின் புது மனைவி.

தேவாலயப் பொறுப்பாளர் பிர்த்தேவுக்கு வியர்த்துக் கொட்டியது. இருபது வருட வேலை! "கேடயம் தயாராத்தாம்மா இருக்கு. ஆனா..."

பிரபு அவசரமாகக் குறுக்கிட்டார். "இப்ப என்னம்மா அவசரம்?"

"எனக்கு அவசரம்! நீங்க சும்மா இருங்க. என்னடி தடை?"

பிர்த்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். "பட்டம் வாங்கினவர் செத்தப்புறம்தாம்மா மாட்டுவோம்."

சீமாட்டி கணவரை மேலும் கீழும் பார்த்தாள். குரல் தணிந்தது.

"சரி, பீடத்துக்குப் பக்கத்துல இடத்தையாவது இப்பவே பிடிச்சு வை."